கவுண்டி கண்காட்சிக்கு மகள் தூதராகலாமா?

வாசகர் கடிதம்: விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகருக்கு அருகே பல ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. ஜூன் மாதத்தில் பள்ளிப்படிப்பு முடிகிறது. செப்டம்பரில் இங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே சேரப்போகிறாள். எங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நடக்கும் வேளாண் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் ஓர் இளம் தூதரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உடன் படிக்கும் தோழி சொன்னதிலிருந்து தானும் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிரீடமும் தோள்பட்டியும் அணிந்து நிற்கும் முந்தைய தூதர்களின் படங்களைப் பார்த்த என் கணவர், இது அழகிப் போட்டிதானே என்று தயங்குகிறார். எங்களுக்கு இங்கே பண்ணை எதுவும் இல்லை. அவள் மாட்டைத் தொட்டுப் பழகியதெல்லாம் ஈரோட்டுப் பக்கம் என் அப்பாவின் தொழுவத்தில் விடுமுறை நாட்களில்தான். நாங்கள் சைவம். பிள்ளைகள் வளர்த்த பன்றியையும் காளையையும் அங்கே இறைச்சிக்காக ஏலம் விடுவார்களாம். அப்போது என் மகள் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டியிருக்குமா? வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவளுக்குச் சட்டச் சிக்கல் வருமா? ஓராண்டு முழுவதும் இதற்கே போய்விடுமா? மறுக்கவும் மனமில்லை, சரி என்று சொல்லவும் தெளிவில்லை. வழிகாட்டுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மகள் விண்ணப்பிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பாக, ஏலத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு அவளே தன் மனதுக்குள் விடை கண்டுவிட வேண்டும். மற்ற தயக்கங்கள் எல்லாம் விசாரித்துத் தீர்த்துக்கொள்ளக் கூடியவை. அது மட்டும் அவள் தானே முடிவு செய்ய வேண்டியது. இம்மாநிலத்தில் கவுண்டி அளவிலான இளையோர் வளர்ச்சிப் பணியில் இருப்பவள் என்ற முறையில், கண்காட்சித் தூதர்களாகப் பணியாற்றிய பிள்ளைகள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

உங்கள் கணவரின் தயக்கத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கண்காட்சிகளில் ஒரு காலத்தில் ‘ராணி’ என்ற பட்டத்தோடு தேர்வு நடந்ததும், அதில் தோற்றத்துக்கு முக்கியத்துவம் இருந்ததும் உண்மை. இன்றும் பல மாநிலங்களில் ராணி என்ற பெயர் நீடிக்கிறது. வேறு பல இடங்களில் அதைத் தூதர் என்று மாற்றி, ஆண்பிள்ளைகளும் விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் இப்பொறுப்புக்கு நெடுங்காலமாக ‘ஃபேரஸ்ட் ஆஃப் த ஃபேர்ஸ்’ என்று பெயர். கவுண்டி அளவில் தேர்வானவர்கள், ஜனவரியில் நடக்கும் மாநிலக் கண்காட்சிகள் சங்கத்தின் மாநாட்டில் மாநிலப் பொறுப்புக்காகப் போட்டியிடுவார்கள். அங்கே வெல்பவர், ஆகஸ்டில் மில்வாக்கியை அடுத்த வெஸ்ட் ஆலிஸ் நகரில் பதினொரு நாள் நடைபெறும் மாநிலக் கண்காட்சியில் வருவோரை வரவேற்கும் பொறுப்பை ஏற்பார். பால்வளத்தை எடுத்துச்சொல்ல 1948-இல், மாநிலத்தின் நூற்றாண்டு விழாவையொட்டித் தொடங்கிய ‘ஆலிஸ் இன் டெய்ரிலேண்ட்’ என்ற பொறுப்பும் இப்படித்தான் மாறி வந்திருக்கிறது. தொடக்கத்தில் அழகிப் போட்டியின் சாயலோடு இருந்த அது, இன்று மாநில வேளாண் துறையில் ஓராண்டுக்கான முழுநேர ஊதியப் பணியாகிவிட்டது. நடுவர்கள் இன்று அளந்து பார்ப்பதெல்லாம் நேர்காணலில் பேசும் தெளிவு, மேடையில் திடீரென்று கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் விடை சொல்லும் திறன், முன்பின் தெரியாதவர்களோடு இயல்பாகப் பழகும் பண்பு ஆகியவற்றைத்தான். உடை நேர்த்தியாக இருந்தால் போதும். உடலைக் காட்டும் சுற்று எதற்கும் அங்கே இடமில்லை. கணவரின் ஐயம் முழுமையாகத் தீர வேண்டுமானால், உங்கள் கவுண்டியின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விண்ணப்பிப்பவர் கேட்பது வழக்கமானதுதான். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிரீடத்தைப் பற்றிய பேச்சை இத்துடன் விட்டுவிட்டு, அந்தக் கண்காட்சி எதற்காக நடக்கிறது என்பதைப் பார்த்தால் உங்கள் மகளின் வேலை என்ன என்பது தானாகவே விளங்கும். 1807-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், எல்கானா வாட்சன் என்பவர் தம்மிடம் இருந்த மெரினோ செம்மறியாடுகளை ஊர் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல கம்பளி தரும் அந்த இனத்தை அக்கம்பக்கத்து உழவர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான், 1810-இல் பலருடைய கால்நடைகளையும் ஒன்றுசேர்த்து ஒரு காட்சி நடத்தினார். பரிசுகளும் வீட்டில் நெய்த துணிகளுக்கான போட்டிகளும் பின்னால் சேர்ந்துகொண்டன. இன்று ராட்டினமும் பொரித்த பாலாடைக்கட்டியும் எவ்வளவு சூழ்ந்திருந்தாலும், கண்காட்சியின் நடுவில் இருப்பது ஒருவர் விளைவித்ததையும் வளர்த்ததையும் இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். 1859 செப்டம்பர் 30 அன்று, குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஆபிரகாம் லிங்கன் மில்வாக்கியில் நடந்த விஸ்கான்சின் வேளாண் கண்காட்சியில் பேசியபோது, இத்தகைய கண்காட்சிகள் மக்களை ஒன்றுகூட்டி ஒருவரையொருவர் அறியச் செய்கின்றன, முன்பைவிட நல்ல நண்பர்களாக ஆக்குகின்றன என்ற பொருள்பட எடுத்துச் சொன்னார். நேர்காணலுக்குச் செல்வதற்கு முன்னால் உங்கள் மகள் அந்த உரையைத் தேடி ஒருமுறை முழுமையாகப் படிக்கட்டும். தான் செய்யப்போகும் வேலையின் வயது எவ்வளவு என்பது அவளுக்குப் புரியும்.

கண்காட்சி நடக்கும் நான்கைந்து நாட்களில் ஒரு தூதருக்குப் பெரும்பாலான நேரம் மேடையில் கழிவதில்லை, கொட்டகைகளில்தான் கழிகிறது. ஃபோர்-எச் என்ற இளையோர் மன்றங்களிலும், வேளாண்மை கற்கும் மாணவர்களுக்கான எஃப்எஃப்ஏ அமைப்பிலும் உள்ள பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வளர்த்த கன்று, முயல், கோழி, தைத்த சட்டை, சுட்ட ரொட்டி, எடுத்த புகைப்படம், விளைவித்த தக்காளி என்று எல்லாவற்றையும் நடுவர்முன் கொண்டுவந்து வைப்பார்கள். விஸ்கான்சின் இளையோர் பிரிவுகளில் பெரும்பாலும் டேனிஷ் முறை என்று சொல்லப்படும் மதிப்பீட்டைப் பின்பற்றுகிறார்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், ஒவ்வொரு பொருளையும் ஒரு தர அளவோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று நான்கு நிற ரிப்பன்களில் ஒன்றைத் தருவார்கள்; ஒரே வகுப்பில் பலர் நீல ரிப்பன் பெறலாம். இதை அறியாத தூதர், இளஞ்சிவப்பு ரிப்பன் வாங்கிய குழந்தையிடம் “நான்காவது இடம், பரவாயில்லை” என்று ஆறுதல் சொல்லிவிடுவார். அந்தக் குழந்தை யாரிடமும் தோற்கவில்லை. அதன் கைவேலை இன்னும் எந்த அளவை எட்ட வேண்டும் என்பதை நடுவர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ரிப்பனைக் கொடுக்கும்போது “நடுவர் உன்னிடம் என்ன சொன்னார்?” என்று கேட்டால் போதும், குழந்தை பேசத் தொடங்கிவிடும். தையல் எங்கே இழுத்துக்கொண்டது, ரொட்டி ஏன் நடுவில் அமுங்கியது என்று அது சொல்லச் சொல்ல நின்று கேட்பதுதான் தூதருடைய வேலையின் மையம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாட்டுப் போட்டி நடக்கும் வளையத்தையும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பண்ணையில் வளராத பிள்ளைகள் முதலில் திகைத்து நிற்பது அங்கேதான். கறவை இனப் போட்டியில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்து, கன்றின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி, அதன் முகத்தையும் நடுவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பெரும்பாலும் பின்னோக்கியே மெல்ல நடப்பார்கள். ஒரு வகுப்பில் மாட்டின் உடற்கட்டைப் பார்ப்பார்கள். வேறொரு வகுப்பில் மாட்டை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை அதை எப்படி நடத்திக் காட்டுகிறது என்பதை மட்டும் பார்ப்பார்கள். வரிசைப்படுத்தி முடித்ததும் நடுவர் ஒலிவாங்கியை வாங்கி, ஏன் இந்தக் கிடேரியை அதற்கு முன்னால் நிறுத்தினேன் என்று காரணங்களைச் சொல்வார். அதுவரை உங்கள் மகள் ரிப்பன்களோடு வளையத்தின் ஓரத்தில் காத்திருக்க வேண்டும். தோள்பட்டியின் நுனி காற்றில் படபடத்தால் கன்று மிரளும். அதை ஊக்கால் குத்திக்கொள்ள வேண்டும். பின்பக்கமாக அணுகாமல், கன்று தன்னைப் பார்க்கும்படி தோள்பக்கமாகச் சென்று, முதலில் பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுக் கையை நீட்ட வேண்டும். விரல்களை மூடிய உறுதியான காலணி கட்டாயம். எழுநூறு கிலோ எடையுள்ள ஹோல்ஸ்டீன் என்ற கறவை இன மாடு காலை மிதித்தால் எலும்பு முறியும். தாத்தாவின் தொழுவத்தில் பழகியவளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பண்ணை இல்லாத குடும்பம் என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் அதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. 2004-இல் விஸ்கான்சினில் உரிமம் பெற்ற கறவைப் பண்ணைகள் 15,000-க்கு மேல் இருந்தன. 2024-இல் 6,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. பாலாடைக்கட்டி உற்பத்தியில் இம்மாநிலம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தும், மாடுகள் குறைந்த எண்ணிக்கையிலான பெரிய பண்ணைகளில் சேர்ந்துவிட்டதால், கண்காட்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பால் கறப்பதைக் கண்ணால் பார்த்திராதவர்கள். மாடு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும் என்பதே அவர்களில் பலருக்குப் புதுச் செய்தி. அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது, தானும் அண்மையில்தான் கற்றுக்கொண்ட ஒருத்திக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஜூன் மாதம் இம்மாநிலத்தில் பால்வள மாதம்; கவுண்டிதோறும் ஏதாவது ஒரு பண்ணை வாயிலைத் திறந்துவைத்து ஊருக்கே காலை உணவு பரிமாறுவார்கள். அதில் பரிமாறும் தொண்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கண்காட்சி தொடங்கும் முன்பே பால், இறைச்சி, முயல், கோழி, தோட்டம் என்று ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரையும் ஒருமுறையாவது சந்தித்து, “உங்கள் கொட்டகைக்கு வருபவர்கள் எதைத் தவறாகப் புரிந்துகொண்டு போகிறார்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்புகளைவிடச் சிறந்த பாடநூல் அவளுக்குக் கிடைக்காது.

நேர்காணலில் “உனக்கும் வேளாண்மைக்கும் என்ன தொடர்பு?” என்று நிச்சயமாகக் கேட்பார்கள். அப்போது ஈரோட்டுத் தாத்தாவைச் சொல்லட்டும். ஆனால் பாசத்தோடு நிறுத்திவிடாமல் விவரத்தோடு சொல்ல வேண்டும். அவர் வீட்டில் நின்றவை காங்கேயம் மாடுகளாக இருந்தால், அவை உழவுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற இனம் என்பதையும், கன்றாகப் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதையும், சில லிட்டர் பாலே தரும் அந்த இனத்துக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 30 லிட்டர் அளவுக்குத் தரும் இங்குள்ள ஹோல்ஸ்டீனுக்கும் வளர்க்கும் நோக்கமே வேறு என்பதையும் அவளால் சொல்ல முடியும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தையையும் குதிரைச் சந்தையையும் அவள் பார்த்திருந்தால் அதையும் சொல்லலாம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். நடுவர்களில் ஓரிருவராவது வாழ்நாள் முழுவதும் மாடு வளர்த்தவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய அடுத்த கேள்வியிலேயே உண்மை தெரிந்துவிடும். இன்னொன்று, இந்தியப் பண்பாட்டை அறிமுகப்படுத்தவே தன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அவள் எண்ணிக்கொள்ளவும் கூடாது. அவள் தூதராகப்போவது அந்தக் கவுண்டியின் கண்காட்சிக்கு. அதில் பங்கேற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் பொதுவானவள்.

இனி ஏலத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பெரும்பாலான கவுண்டி கண்காட்சிகளில், பிள்ளைகள் வளர்த்த காளை, பன்றி, ஆடு ஆகியவை கடைசி நாட்களில் ஏலத்துக்கு வரும். உள்ளூர் வங்கி, தீவன ஆலை, இரும்புக்கடை போன்றவர்கள் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள். அந்தப் பணம் பிள்ளையின் படிப்புச் சேமிப்புக்கோ அடுத்த ஆண்டின் கன்றுக்கோ போகும். வசந்த காலத்தில் வாங்கிய பன்றிக்குட்டி ஜூலையில் 120 கிலோவைத் தொடும். அதுவரை தினமும் தீவனத்தை எடைபோட்டுக் கணக்கு எழுதி, குளிப்பாட்டி, நடத்திப் பழக்கியது அந்தப் பிள்ளைதான். அந்தப் பன்றி எங்கே போகப்போகிறது என்பது வாங்கிய நாளிலேயே பிள்ளைக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஏல வளையத்தைவிட்டு வெளியே வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். பல கண்காட்சிகளில் தூதர் அந்தப் பிள்ளையோடும் வாங்கியவரோடும் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஆகவே, நிற்க வேண்டியிருக்குமா என்ற உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்பதே விடை. அங்கே நிற்பதால் அவள் இறைச்சி உண்ண வேண்டும் என்பதில்லை. இறைச்சி உண்பதை ஆதரித்துப் பேச வேண்டும் என்பதும் இல்லை. சைவ உணவுக்காரர்கள் இந்தப் பொறுப்பை நேர்மையாக வகிக்க முடியும். யாராவது கேட்டால், “நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, இவன் இந்த விலங்கை எவ்வளவு அக்கறையோடு வளர்த்தான் என்பதைப் பார்த்திருக்கிறேன்” என்று சொல்வதில் பொய்யும் இல்லை, அவமதிப்பும் இல்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது அவளுக்குள் கண்டனம் எழுமானால், அது முகத்தில் தெரியாமல் போகாது. தன் உழைப்பின் பலனை ஊரே பாராட்டும் நாளில், ஊரின் சார்பில் பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் அருவருப்பைப் பார்ப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய காயம். அதைச் செய்ய அவளுக்கு உரிமையில்லை. விலங்குகளைக் கொல்வதைப் பற்றி அவளுக்கு ஆழ்ந்த மறுப்பு இருந்தால், அதை நான் மதிக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருக்க வேறு நல்ல வழிகள் உண்டு, இந்தத் தோள்பட்டி அதற்குரியதல்ல. நடுவழி ஒன்றும் இருக்கிறது: விண்ணப்பிக்கும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொல்லி, ஏலத்தின்போது தன் பங்கு என்னவாக இருக்கலாம் என்று கேட்பது. வாங்கியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதப் பிள்ளைகளுக்கு உதவுவது, பெயர்களை அறிவிப்பது என்று மாற்றுவேலை கொடுக்கும் இடங்களும் இருக்கக்கூடும். தேர்வான பிறகு, ஏலத்துக்கு முந்தைய நாளில் சொல்வதுதான் கூடாது.

இந்தக் கேள்வியை வீட்டு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. பெரும்பாலான கண்காட்சிகள் ஜூலைக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் இடையில் நடக்கின்றன. உங்கள் கவுண்டியின் தேர்வு நாளுக்கு முன்னதாக அக்கம்பக்கத்துக் கவுண்டி ஏதாவது ஒன்றில் ஏலம் நடந்தால், அவளை அழைத்துக்கொண்டு போய் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். நீங்களும் உடன் இருப்பது நல்லது. அதற்கு வாய்ப்பில்லையென்றால், காளையோ பன்றியோ வளர்க்கும் குடும்பம் ஒன்றை ஃபோர்-எச் அலுவலகத்தின் மூலம் அறிந்து, ஒரு மாலை அவர்கள் கொட்டகைக்குப் போய்வரட்டும்.

கொட்டகைகளைப் பற்றிப் பேசும்போது உடல்நலத்தையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் பன்றிகளிடமிருந்து பரவிய ஒருவகை இன்ஃபுளுயன்சா, பெரும்பாலும் வேளாண் கண்காட்சிகளின் வழியாக, அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. 2024 மார்ச்சில் கறவை மாடுகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானதை அடுத்து, அந்த ஆண்டு விஸ்கான்சினில் பால் கறக்கும் மாடுகளைப் பரிசோதித்த பிறகே கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதனால் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. கொட்டகைக்குள் எதையும் தின்னாமல் குடிக்காமல் இருப்பதும், வெளியே வந்ததும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுவதும் பெரும்பாலான ஆபத்தைத் தடுத்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோர் பன்றிக் கொட்டகையைத் தவிர்ப்பது நல்லது என்பது மருத்துவ ஆலோசனை. உங்கள் மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தோள்பட்டி அணிந்த அக்கா கை கழுவும் இடத்தில் நின்று “வா, சேர்ந்து கழுவலாம்” என்று கூப்பிட்டால் சிறுபிள்ளைகள் ஓடிவருவார்கள். சுவரொட்டிகளைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

காலக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உழைப்பு மிகுந்தது கண்காட்சி வாரம். அந்த நாட்களில் காலை முதல் இரவு வரை அவள் வேறு எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. கோடையில் ஊர்வலங்களும் பக்கத்துக் கவுண்டி கண்காட்சிகளுக்குச் செல்வதும் வார இறுதிகளை எடுத்துக்கொள்ளும். செப்டம்பருக்குப் பிறகு வேலை மிகவும் குறைந்துவிடும். ஜனவரி மாநாடு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் குளிர்கால விடுமுறையை ஒட்டியே வரும் என்றாலும், தேதியைக் கேட்டு அவளுடைய பாட அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். உள்ளூரிலேயே படிக்கப்போவதால் முதலாண்டுப் படிப்பு கெடும் என்று நான் அஞ்சவில்லை. கோடையில் அவள் செய்ய நினைத்திருந்த பயிற்சி வகுப்பு ஏதாவது இருந்தால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதை அவளிடமே விடுங்கள்.

எச்-4 விசாவைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊதியம் இல்லாத தொண்டுப் பணி பொதுவாகச் சிக்கல் தராது. ஊதியத்துக்கு உழைப்பதற்குத்தான் அந்த விசாவில் அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் சில கண்காட்சிகள் தூதருக்குப் படிப்புதவித் தொகை, பயணப்படி, உடைக்கான தொகை என்று ஏதாவது தருகின்றன. என்ன தருகிறார்கள், எந்தப் பெயரில் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கி, உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். குடியுரிமை பற்றியோ வசிப்பிடம் பற்றியோ தகுதி விதி உண்டா என்பதையும் விண்ணப்பத் தாளில் பாருங்கள். இதற்கு நண்பர்கள் சொல்வதையோ என் சொல்லையோ மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தூதரிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியை உங்கள் மகளிடம் சிலர் கேட்பார்கள்: நீ உண்மையில் எந்த ஊர்? பெரும்பாலோர் அறியும் ஆவலில் கேட்பார்கள். சிலர் வேறு நோக்கத்தில் கேட்பார்கள். இருவருக்கும் ஒரே அமைதியான விடையை அவள் முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டால், அந்த நேரத்தில் மனம் நொந்து தடுமாற மாட்டாள். “நான் இந்தக் கவுண்டிதான், என் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நீங்கள் முயல் கொட்டகையைப் பார்த்துவிட்டீர்களா?” என்பது போன்ற ஒரு விடை போதும். பெயரையும் சுருக்க வேண்டியதில்லை. அறிவிப்பாளர் கையில் உள்ள அட்டையில் பெயரை அசை பிரித்து, ஆங்கில ஒலிப்புக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்து, ஒலிபெருக்கியில் அழைக்கும் முன்பு ஒருமுறை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். எல்லை மீறிப் பேசுகிறவர்களிடம் தனியாக நின்று வாதாட வேண்டாம். உடனிருக்கும் பொறுப்பாளரிடம் அப்போதே தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பொறுப்பாளர் யார் என்பதைத் தேர்வுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு அவளுடன் யார் வருவார், வண்டியை யார் ஓட்டுவார், இரவு தங்க நேர்ந்தால் ஏற்பாடு என்ன என்பனவற்றுக்கெல்லாம் தெளிவான விடை இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவள் என்பதால் சில அமைப்பாளர்கள் இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம், நீங்கள் விடாதீர்கள். கண்காட்சியின் சமூக ஊடகக் கணக்கை அவள் கையாள வேண்டியிருந்தால், தான் இருக்கும் இடத்தை அந்த நேரத்திலேயே வெளியிடாமல், அங்கிருந்து கிளம்பிய பிறகு படத்தைப் போடுவது பாதுகாப்பானது. சிறுவர்களின் படத்தைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது. அவளுடைய சொந்தக் கணக்கையும் இந்தப் பணியையும் கலக்காமல் இருப்பது நல்லது.

விதித்தாள், மதிப்பீட்டுத் தாள், கடந்த ஆண்டுத் தூதரின் நிகழ்ச்சிப் பட்டியல் ஆகிய மூன்றையும் கண்காட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தின் வழியாகவே கடந்த ஆண்டுத் தூதரோடு உங்கள் மகள் ஒருமுறை பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பேசும்போது நீங்களும் உங்கள் கணவரும் அருகில் இல்லாமல் இருப்பது நல்லது. ஏலத்தை நேரில் பார்த்த பிறகும் அவளுக்கு விருப்பம் குறையவில்லை என்றால், படிவத்தை அவளே நிரப்பட்டும். ஏன் விண்ணப்பிக்கிறாய் என்று கேட்கும் பத்தியை நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
இளையோர் வளர்ச்சி ஆலோசகர்